காய்ச்சல் காட்டாத நோய்





2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் ஒரு முற்பகல். ஊரடங்கு தொடங்கி ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. ஐயப்பன்தாங்கலில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் வீடு வீடாக விவரம் கேட்டு எழுதும் பெண் பணியாளர் ஒருவர் எங்கள் வாசலுக்கும் வந்தார். கையில் ஒரு பதிவேடு. முகத்தில் துணியில் தைத்த கவசம். "வீட்டில் எத்தனை பேர்? யாருக்காவது காய்ச்சல் உண்டா? சளி, இருமல், மூச்சுத்திணறல் ஏதும் உண்டா?" என்று கேட்டார். "ஐந்து பேர். அல்ஹம்துலில்லாஹ், எல்லோரும் நலம்" என்று நான் வாசற்படியில் நின்றபடியே விடையிறுத்தேன். அவர் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் சென்றுவிட்டார்.

நான் அவ்வாறு கூறிய அதே வேளையில், உள்ளறையில் என் துணைவியார் சன்னலை ஒரு போர்வையால் மூடி, நெற்றியை இறுகத் துணியால் கட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் மூன்று முறை வாந்தி எடுத்துவிட்டிருந்தார். உண்மைக்கு மாறாக ஒன்றைக் கூறிவிட்டோம் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, ஆகவே நலம்! பதிவேட்டில் தலைவலிக்கு இடமில்லை என்பது பெரிதன்று. என் உள்ளத்திலும் அதற்கு இடமில்லாதிருந்தது என்பதைத்தான் இம்மாதம் தங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

திருமணமான நாள்முதல் அவருக்கு இவ்வேதனை உண்டு என்பதை நான் அறிவேன். ஆனால் நான் அதைக் கண்டதில்லை. காலையில் மதரஸாவுக்குச் சென்றால், லுஹருக்குப் பின்னரோ அஸருக்குப் பின்னரோதான் வீடு திரும்புவேன். பிள்ளைகளும் பள்ளிக்கூடம் சென்றுவிடுவர். அந்த இடைப்பட்ட நேரத்தில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்து, எழுந்து, மாலையில் தேநீர் வைத்துக் கொடுத்துவிடுவார். பதினாறு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. ஊரடங்கு எங்கள் எல்லோரையும் ஒரே கூரையின்கீழ் இரவு பகலாக அடைத்தபோதுதான், அவர் எதனோடு வாழ்ந்து வந்திருக்கிறார் என்பது எனக்கு விளங்கியது. வருத்தம் என்னவெனில், எனக்கு விளங்குவதற்குக் காரணமான அதே ஊரடங்குதான் அவர் நோயைப் பன்மடங்கு ஆக்கிற்று.

முதலில் இந்நோய் இன்னதென்று சிறிது பார்ப்போம். தமிழில் ஒற்றைத் தலைவலி என்கிறோம். மைக்ரேன் என்னும் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லும் பாதி மண்டை என்றே பொருள்படும். அறபியில் இதற்கு 'ஷகீகா' என்று பெயர். நாம் இதனை மேனாட்டார் கண்டுபிடித்த புதுநோய் என்று எண்ணிவிடலாகாது. ஸஹீஹுல் புகாரியின் மருத்துவப் பகுதியில் ஷகீகாவுக்கென்றே ஒரு பாடம் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இஹ்ராம் அணிந்திருந்த நிலையில், தமக்கு ஏற்பட்ட ஒற்றைத் தலைவலிக்காகத் தலையில் ஹிஜாமா செய்துகொண்டார்கள் என்பதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மக்காவுக்குச் செல்லும் வழியில் லஹ்யு ஜமல் என்னும் இடத்தில் அது நிகழ்ந்தது. அதே நூலில் நோயாளிகள் பற்றிய பகுதியில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலி தாங்காமல் வாய்விட்டு அரற்றியதும், அண்ணலார் தமக்கும் தலைவலி என்று கூறியதும் இடம்பெற்றுள்ளன. பல்லாண்டுகளாக இப்பாடங்களை நான் மாணவர்களுக்கு நடத்தி வருகிறேன். அறிவிப்பாளர் வரிசை முதற்கொண்டு மனப்பாடம். ஆயினும் என் வீட்டு உள்ளறையில் படுத்திருந்தவரோடு அதை நான் பொருத்திப் பார்த்ததில்லை!

(இதைப் படித்தவுடன் யாரும் சாலையோரத்தில் ஹிஜாமா செய்பவரிடம் ஓடிவிட வேண்டா. தலையில் கீறுவது விளையாட்டன்று. நான் இங்கே எடுத்துக்காட்டுவது அந்நோய்க்கு நம் மார்க்க நூல்களில் உள்ள இடத்தையே.)

இன்றைய மருத்துவம் இதனை மூளை நரம்புகளைச் சார்ந்த ஒரு நோய் என்று கூறுகிறது. பெரும்பாலும் குடும்பவழி வருவது. முகத்துக்கும் தலைக்கும் உணர்ச்சியைக் கொண்டு செல்லும் முப்பெரு நரம்பு கிளர்ச்சியுற்று, சில வேதிப்பொருட்களை வெளியிடுகிறது. அதனால் மூளையைச் சூழ்ந்த உறைகளில் துடிக்கும் வலி உண்டாகிறது. மருந்தின்றி விட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். வெளிச்சம் ஆகாது, ஓசை ஆகாது, வாசனை ஆகாது, படியேறினாலும் குனிந்தாலும் வலி கூடும். குமட்டலும் வாந்தியும் உண்டு. சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணெதிரே மின்னல் கோடுகள் நெளியும். ஆண்களைவிடப் பெண்களிடம் இரண்டு, மூன்று மடங்கு மிகுதி. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தினர் நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில் மேற்கொண்ட ஆய்வில், 18 முதல் 65 வயதுக்குட்பட்டோரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இந்நோய் வந்திருந்தது தெரியவந்தது. நம் ஜமாஅத்தில் எத்தனை வீடுகள் என்பதைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்நோயாளியின் மூளை மாற்றத்தை விரும்பாத மூளை. ஒரே நேரத்தில் உறங்கி, ஒரே நேரத்தில் எழுந்து, வேளை தவறாமல் உண்டு, போதிய தண்ணீர் அருந்தி வந்தால் அது அடங்கியிருக்கும். ஒரு வேளை உணவு தவறினால், ஓர் இரவு கண்விழித்தால், வழக்கமான தேநீர் கிடைக்காமற்போனால் சீறும். இப்போது 2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நம் வீடுகளில் நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள். எந்த வீட்டில் உறக்கம் நேரத்துக்கு நடந்தது? எந்த வீட்டில் சமையல் நேரத்துக்கு முடிந்தது?

எங்கள் வீடு ஒரு மாடிப் பகுதி. கூடமும் ஓர் அறையும் சமையற்கட்டும். கூடத்தில் ஒரு பிள்ளை கைப்பேசியில் பாடம் கேட்கும். இன்னொன்று கல்வித் தொலைக்காட்சி பார்க்கும். என் தாயார் தொற்றுச் செய்திகளை உரக்க வைத்துக் கேட்பார். அதற்கு மேல் நான்! மதரஸா மூடப்பட்டதால், வாட்ஸ்அப் வழியாகவும் சூம் வழியாகவும் காலை ஏழு மணிக்கே ஓதிக்கொடுக்கத் தொடங்கிவிடுவேன். முப்பது பிள்ளைகள் ஒவ்வொருவராக உரத்து ஓதுவர். நான் அதைவிட உரத்துத் திருத்துவேன். குர்ஆன் ஓசையைப் பற்றி யார் குறை கூற முடியும்? என் துணைவியாரும் கூறவில்லை. தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு படுத்திருப்பார்.

ஒருநாள் ஒரு மாணவன் தன் முறை வந்தபோது மிகத் தாழ்ந்த குரலில் ஓதினான். "உரத்து ஓது, தம்பி" என்றேன். அவன் தயங்கி, "உஸ்தாத், அம்மாவுக்குத் தலைவலி. வாந்தி எடுத்துட்டுப் படுத்திருக்காங்க. அத்தா மெதுவா ஓதச் சொன்னாங்க" என்றான். எட்டு வயதுப் பிள்ளை. அவன் தந்தை ஓர் ஆட்டோ ஓட்டுநர். மதரஸா வாசலை மிதித்தறியாதவர். பதினைந்து ஆண்டுகளாக ஹதீஸ் நடத்தும் நான் அன்று அந்தத் திரைக்கு முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். மறுநாள் முதல் மொட்டை மாடிக்கு ஏறும் படிக்கட்டில் அமர்ந்து வகுப்பு எடுத்தேன்.

பின்னர் ரமளான் வந்தது. அவ்வாண்டு நம் நாட்டில் ஏப்ரல் 25 அன்று முதல் நோன்பு. மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில். ஏறக்குறைய பதினான்கு மணி நேரம் தண்ணீரின்றி இருக்க வேண்டும். தேநீர்ப் பழக்கம் உள்ளவருக்கு அது திடீரென்று நின்றால், ஒற்றைத் தலைவலி இல்லாதவருக்கும்கூட முதல் இரண்டொரு நாள் தலை கனக்கும். பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தமையால், ஆண்டுதோறும் பள்ளியில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி அவ்வாண்டு இல்லை. அரசு தந்த அரிசி வீடுகளுக்கே பகிர்ந்தளிக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பள்ளியில் நாலு பேர் கூடிக் காய்ச்சிய கஞ்சியை, அந்த வெயிலில், அடுப்பங்கரைப் புகையில் நின்று, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் காய்ச்சினாள் என்பதை நாம் எண்ணவில்லை.

தராவீஹையும் வீட்டிலேயே தொழுதோம். நான் இமாம், பின்னால் குடும்பத்தார். எனக்கோ, பள்ளியில் தொழ முடியாத ஏக்கத்தை வீட்டில் தீர்த்துக்கொள்ள வேண்டுமென்ற ஆவல். கிராஅத்தை நீட்டினேன். நான்காம் இரவு, ஸஜ்தாவிலிருந்து எழுந்தபோது பின்னால் ஒரு விம்மல் கேட்டது. ஒற்றைத் தலைவலிக்காரர் ஒவ்வொரு முறை நெற்றியைத் தரையில் வைக்கும்போதும் வலி சம்மட்டியாக இறங்கும் என்பதை அன்றுதான் கேட்டறிந்தேன். "சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொன்னா நம்பணுமேங்க" என்றார். என் தாயார் தம் பங்குக்கு, "எங்க காலத்தில தலைவலின்னு யாரு படுத்தா? சுக்கை உரசிப் பத்துப் போட்டுட்டு வேலையப் பாத்தோம்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. பின்னர் ஒருநாள் அவரே, தம் தாயாரும் மாதத்துக்கு இருமுறை இப்படித்தான் கிடப்பார் என்று நினைவுகூர்ந்தார். நோய் அன்றும் இருந்திருக்கிறது. படுப்பதற்குத்தான் இடம் கிடைக்கவில்லை.

நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், உட்கார இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று நபியவர்கள் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் கற்பித்ததை நாம் அறிவோம். குனிந்தால் வலி தாங்கவில்லையெனில், சைகையால் ருகூஉம் ஸஜ்தாவும் செய்யும் சலுகை இவருக்கும் உரியதே. அல்பகறா அத்தியாயம் நோயாளிக்கு நோன்பை வேறு நாட்களில் நோற்கும் அனுமதியை அளித்திருக்கிறது. நோயாளி என்றால் காய்ச்சற்காரர் என்று அங்கே கூறப்படவில்லை. எல்லோரும் விட்டுவிட வேண்டுமென்று நான் கூற வரவில்லை. ஸஹரில் தவறாமல் உண்டு, இஃப்தாருக்குப் பின் தண்ணீரைச் சிறிது சிறிதாக நிறைய அருந்தி, ரமளானுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தேநீரைப் படிப்படியாகக் குறைத்து, நோன்பை முழுமையாக நோற்கும் ஒற்றைத் தலைவலிக்காரர் பலர் உண்டு. இயலாதவர் மருத்துவரையும் தம் ஊர் ஆலிமையும் கலந்து முடிவு செய்யட்டும். அந்த முடிவை வீட்டார் ஏளனம் செய்யாதிருந்தால் போதும்.

அந்த நாட்களின் வேறு சில தொல்லைகளையும் சொல்லியாக வேண்டும். தொற்றைத் தடுக்கத் தெருவெங்கும் பிளீச்சிங் பவுடர் தூவினர்; வாசலில் கிருமிநாசினி தெளித்தனர். கைக்குச் சானிடைசர். நமக்கு அவை தூய்மையின் மணம். இந்நோயாளிக்கு அந்த நெடியே வலிக்குத் திறவுகோல். நம் வீடுகளில் மிகுதியாகப் புழங்கும் அத்தரும் சாம்பிராணியும் அவ்வாறே. நல்ல எண்ணத்தோடு நான் வெள்ளிதோறும் புகைத்த சாம்பிராணி எத்தனை வெள்ளிகளைக் கெடுத்ததோ!

அச்சமும் ஒரு காரணம். தலைவலியும் கொரோனாவின் அறிகுறிகளுள் ஒன்று என்று சொல்லப்பட்டதும், தலைவலி என்று வெளியே சொல்லவே மக்கள் அஞ்சினர். சொன்னால் மூக்கில் குச்சி விட்டுச் சோதிப்பார்கள். தொற்று என்றால் வாசலில் தகரம் அடிப்பார்கள். அந்த ஏப்ரலில், தில்லி நிஜாமுத்தீன் மாநாட்டைக் காரணம் காட்டி, தாடியும் தொப்பியும் கண்டாலே விலகி நடந்த அயலாரையும் நாம் கண்டோம். அச்சூழலில், "என் மனைவிக்குத் தலைவலி" என்று மருந்துக் கடையில் நின்று சொல்ல எனக்கே நா எழவில்லை. அன்று வாசலில் நான் "எல்லோரும் நலம்" என்றதில் இந்த அச்சத்துக்கும் பங்கு உண்டு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இனி, மாத்திரையின் கதை. இது சற்று நீளும், பொறுத்தருள்க.

2020 மார்ச் 14 அன்று பிரான்ஸ் நாட்டின் சுகாதார அமைச்சர், கொரோனா நோயாளிகள் இபுபுரூஃபன் மாத்திரையைத் தவிர்க்கலாம் என்ற பொருள்பட ஒரு செய்தி வெளியிட்டார். அதைத் தவிர்க்குமாறு தாங்கள் கூறவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சில நாட்களில் விளக்கிவிட்டது. ஆனால் முதற்செய்தி வந்த விரைவில் விளக்கம் வருமா? எங்கள் குடும்பக் குழுவில் அந்த எச்சரிக்கை ஏழெட்டு முறை வந்தது. விளக்கம் ஒருமுறையும் வரவில்லை. இவர் நெடுநாளாக அளவோடு உட்கொண்டுவந்த மாத்திரையை அஞ்சி நிறுத்தினார். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் கிளினிக்கும் மூடிக் கிடந்தது. ஆகவே, யாரோ சொன்ன ஒரு கூட்டு மாத்திரைக்கு மாறினார். எர்கோட்டமின், காஃபீன், பாரசிட்டமால் எல்லாம் கலந்தது. முதலில் வாரத்துக்கு இரண்டு; ஜூன் 19 அன்று சென்னையிலும் சுற்றுப்புற மாவட்டப் பகுதிகளிலும் கடும் ஊரடங்கு மீண்டும் வந்தபோது அன்றாடம் ஒன்று.

மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் என்றால் தாங்கள் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. ஆனால் மருத்துவ உலகில் இது நன்கு அறியப்பட்ட ஒன்று. பாரசிட்டமால் போன்ற தனி வலிநிவாரணிகளை மாதத்தில் 15 நாட்களுக்குக் குறையாமலும், எர்கோட்டமின், டிரிப்டான் வகைகளையும் கூட்டு மாத்திரைகளையும் மாதத்தில் 10 நாட்களுக்குக் குறையாமலும், மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து உட்கொண்டால், ஒற்றைத் தலைவலிக்காரருக்கு அன்றாடத் தலைவலி வந்து சேரும். வலிக்காக மாத்திரை, மாத்திரையால் வலி என்று சுழன்றுகொண்டேயிருக்கும். எர்கோட்டமின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவது. இதய நோயாளிகளும் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் தொடவே கூடாதது. அதைத்தான் நம் தெருக்களில் மிட்டாய்போல் வாங்கி விழுங்குகிறார்கள்.

எங்களுக்கு வழி திறந்தது தொலைபேசியில்தான். தொலைவிலிருந்து மருத்துவ ஆலோசனை வழங்குவதற்கான நெறிமுறைகளை மைய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்டிருந்தது. ஏப்ரலில் 'இ-சஞ்சீவனி' என்னும் கட்டணமில்லா இணையவழிச் சேவை பொதுமக்களுக்குத் தொடங்கப்பட்டது. அதனை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. ஜூலையில் ஒரு நாள், கைப்பேசித் திரையில் ஓர் இளம் மருத்துவர் தோன்றினார். அவர் முதலில் கேட்ட கேள்வி, "மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடுறீங்கம்மா?" என்பதே. எங்களிடம் விடையில்லை. "இன்னையிலருந்து எழுதுங்க" என்றார்.

எங்கள் வீட்டுச் சுவரில், பள்ளிவாசலில் தந்த தொழுகை நேர நாட்காட்டி தொங்குகிறது. துணைவியார் அதிலேயே குறிக்கத் தொடங்கினார். வலி வந்த நாளுக்கு ஒரு பிறை. மாத்திரை உண்ட நாளுக்கு ஒரு புள்ளி. அம்மாத முடிவில் எண்ணியபோது 22 புள்ளிகள். மாநகரப் பேருந்துகள் செப்டம்பர் 1 அன்று மீண்டும் ஓடத் தொடங்கிய பின், எங்கள் பணிமனையில் பேருந்தேறி, ஓர் அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குச் சென்றோம். நாட்காட்டித் தாளைப் பார்த்ததுமே மருத்துவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கூட்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னார். முதல் பத்து நாட்கள் வலி முன்னினும் கடுமையாக இருக்கும் என்று எச்சரித்தார், அவ்வாறே இருந்தது. வலி வராமலே தடுப்பதற்கென்று அன்றாடம் உட்கொள்ளும் வேறு மருந்து ஒன்றைத் தொடங்கினார். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. ஏனெனில் இவ்வகை மருந்துகளுள் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாதவையும் கருவுற்றவருக்கு ஆகாதவையும் உள்ளன. பெயர் தெரிந்தால் வாங்கிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு.

டிசம்பர் மாதத் தாளில் புள்ளிகள் ஐந்து. அந்தத் தாளை இன்றும் கிழித்தெறியாமல் வைத்திருக்கிறார்.

ஊரடங்கு காலத்தில் ஒற்றைத் தலைவலிக்காரர் நிலை என்னவாயிற்று என்பதைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். அவற்றுள் இரண்டு ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. நெதர்லாந்தின் லெய்டன் நகர மருத்துவர்கள் தம் நோயாளிகளின் மின்னணு நாட்குறிப்புகளை ஒப்பிட்டபோது, முதல் ஊரடங்கில் அவர்களுடைய தலைவலி நாட்கள் சற்றுக் குறைந்திருந்தன. வேலைக்கு ஓட வேண்டியதில்லை, உறங்கி எழலாம், வலி வந்தால் படுக்கலாம். நம் பிள்ளைகள் பலர் பிழைக்கச் சென்றிருக்கும் குவைத்தில், 2020இல் ஆயிரத்துக்குச் சற்று மிகுதியானோரை இணையவழி வினவியபோது, பாதிக்கும் மேற்பட்டோர் தலைவலி அடிக்கடி வருவதாகக் கூறினர். மாத்திரைகளை அளவுக்கு மீறி உண்டோரும், மருத்துவரை அணுக முடியாதோரும் அவர்களுள் பலர். இரண்டு ஆய்வுகளும் நடந்த முறை வேறு. ஆகவே நாட்டையும் நாட்டையும் நிறுத்துப் பார்க்க நான் முனையவில்லை. ஆனால் அவற்றைப் படித்தபோது எனக்கு ஐயப்பன்தாங்கல்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டிலும் ஒருவருக்கு ஊரடங்கு ஓய்வாக அமைந்தது. அவர் நான். ஓசையற்ற நாலு மணி நேரத்தை வைத்துக்கொண்டு பதினாறு ஆண்டுகள் சமாளித்தவரிடமிருந்து, நாங்கள் நால்வரும் வீட்டில் தங்கியதாலேயே அதைப் பறித்துக்கொண்டோம்.

எச்சரிக்கையாக ஒன்றைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. எல்லாத் தலைவலியும் ஒற்றைத் தலைவலி அன்று. நொடிப்பொழுதில் இடிபோல் இறங்கும் வலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வரும் வலி, கைகால் தளர்வோ பேச்சுக் குழறலோ பார்வைக் குறைவோ உடன்வரும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் வலி, கருவுற்ற காலத்தில் வரும் கடுமையான வலி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். 2021 மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, கரும்பூஞ்சை எனப்பட்ட மியூகோர்மைகோசிஸ் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாடு அரசு அதனை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அம்மாதமே ஆக்கியது. சர்க்கரை நோய் உள்ளோரையும் ஸ்டீராய்டு மருந்து பெற்றோரையும் அது மிகுதியாகத் தாக்கிற்று. முகத்தின் ஒரு பக்கமும் தலையின் ஒரு பக்கமும் வலிப்பது அதன் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று. எப்போதும் வரும் ஒற்றைத் தலைவலிதானே என்று, பழக்கமானவர் ஏமாறக்கூடிய இடம் அது. கண்வீக்கமோ மூக்கடைப்போ சேர்ந்திருந்தால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. பல்லாண்டு வலியோடு வாழ்பவருக்குத் தம் வலியின் முகம் நன்கு தெரியும். "இது எப்போதும் வர்ற மாதிரி இல்லை" என்று அவர் கூறினால், அச்சொல்லை நம்புங்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் திட்டம். என் தாயாருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. ஆகவே எங்கள் வாசலுக்கும் ஒரு சகோதரி வரத் தொடங்கினார். முதல்முறை வந்தபோது, "வீட்ல வேற யாருக்காவது உடம்புக்கு ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டார்.

"என் வீட்டாருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. நீண்டகால நோய். மருந்து உட்கொள்கிறார். எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "அதுக்கு இதுல கட்டம் இல்லீங்களே, ஐயா" என்றார். பிறகு பேனாவை மூடிவிட்டு, முகக்கவசத்தைச் சற்று இறக்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கும் இருக்குதுங்க. வெயில்ல அலையுறதுல வாரத்துக்கு மூணு நாள் வருது. கடையில மாத்திரை வாங்கிப் போட்டுட்டுத்தான் வேலைக்கு வரேன்."

பேச்சைக் கேட்டு உள்ளிருந்து வந்த என் துணைவியார், அவரை மின்விசிறியின்கீழ் உட்காரச் சொன்னார். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். பிறகு நாட்காட்டியிலிருந்து கழிந்துபோன ஒரு மாதத் தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் கோடு போட்டு, "வலி வந்தா இங்க ஒரு பிறை போடுங்கம்மா. மாத்திரை போட்டா ஒரு புள்ளி" என்று காட்டிக்கொண்டிருந்தார்.